வாயில் மூடிக்கொண்டால்: ஜப்பான் பயணத்தில் அட்டை, சீட்டு, வண்டி தொடர்பான சிக்கல்களும் தீர்வுகளும்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்கிறவர்களுக்கு வண்டித் தாமதத்தால் வரும் தொல்லை குறைவு. தொல்லைகளில் பெரும்பாலானவை நிலையத்தின் தானியங்கி வாயிலில் தொடங்குகின்றன. அட்டையை வைத்ததும் இரண்டு தடுப்புகள் பட்டென்று மூடிக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரியும். பின்னால் அலுவலகம் போகும் கூட்டம் ஓசையின்றிப் பக்கத்து வாயிலுக்கு விலகும்.

இதற்கெல்லாம் ஒரு பொதுக் காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வலைப்பின்னலாகத் தெரியும் ஜப்பானிய ரயில்வே பல நிறுவனங்களின் தொகுப்பு. அரசு ரயில்வே 1987 ஏப்ரல் 1 அன்று பிரிக்கப்பட்டபோது ஹொக்கைடோ, கிழக்கு, தோக்காய், மேற்கு, ஷிகோகு, கியூஷூ என ஆறு பயணிகள் நிறுவனங்களும் ஒரு சரக்கு நிறுவனமும் உருவாயின, ஜே.ஆர். என்ற பெயரை மட்டும் எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இவற்றோடு ஹன்கியூ, கின்தெட்சு, ஒடாக்கியூ, கெய்செய் போன்ற தனியார் ரயில்வேக்களும் நகரங்களின் சுரங்க ரயில்களும் தனித்தனிக் கணக்கோடு ஓடுகின்றன. ஆகவே எந்தச் சிக்கலிலும் முதலில் பார்க்க வேண்டியது, யாருடைய வண்டியில் யாருடைய சீட்டோடு இருக்கிறோம் என்பதைத்தான்.

தடுப்பைத் தாண்டவோ, முன்னே செல்பவரை ஒட்டிக்கொண்டு நுழையவோ முயல வேண்டாம். வாயில் வரிசையின் ஓரத்தில் கண்ணாடிச் சன்னலோடு ஓர் ஊழியர் இருப்பார். ஆளில்லாத நிலையங்களில் அழைப்புப் பொத்தான் இருக்கும். அட்டையையோ சீட்டையோ நீட்டி, ஏறிய நிலையத்தின் பெயரைச் சொன்னால் போதும். கீழே வரும் சிக்கல்களில் பாதி அந்தச் சன்னலிலேயே தீர்ந்துவிடும்.

வெளியேறும் வாயில் மூடுகிறது. அட்டையில் பணம் குறைவு

முன்பே பணம் நிரப்பி, வாயிலில் தொட்டுச் செல்லும் சுய்கா, பாஸ்மோ, இகோகா போன்ற ஐசி அட்டைகளில் இருப்புக் குறைந்தால் இப்படி ஆகும். வாயிலுக்கு உட்புறத்திலேயே கட்டணச் சரிக்கட்டு இயந்திரம் ஒன்று இருக்கும். அதில் அட்டையைச் செருகிக் குறைகின்ற தொகையைப் போடலாம், அல்லது கூடுதலாக நிரப்பிக்கொள்ளலாம். இந்த இயந்திரங்களில் பல ரொக்கத்தை மட்டுமே வாங்கும் என்பதால், சட்டைப் பையில் ஆயிரம் யென் நோட்டு இரண்டு எப்போதும் இருப்பது நல்லது. அட்டையில் அதிகபட்சம் 20,000 யென் வரைதான் வைத்திருக்க முடியும்.

காகிதச் சீட்டு வாங்குபவர், சுவரிலுள்ள கட்டண வரைபடம் புரியாவிட்டால், மிகக் குறைந்த விலைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஏறி, இறங்கும் நிலையத்தில் இதே இயந்திரத்தில் மிச்சத்தைக் கட்டலாம். இது முறையான வழியே, அபராதம் கிடையாது.

இருப்பு நிறைய இருக்கிறது, ஆனாலும் வெளியே விடவில்லை

இதுதான் அதிகம் பேரைக் குழப்பும் சிக்கல். 2013 மார்ச் முதல் பத்து முக்கிய அட்டைகள் ஒன்றன் பகுதியில் மற்றொன்று செல்லுபடியாகின்றன. தோக்கியோவில் வாங்கிய சுய்கா ஒசாகாவிலும் ஃபுகுவோகாவிலும் வாயிலைத் திறக்கும். இதை வைத்து, ஓரிடத்தில் நுழைந்து நாட்டின் எந்த மூலையிலும் வெளியேறலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பொதுவாக ஒரு ஜே.ஆர். நிறுவனத்தின் ஐசி பகுதிக்குள் நுழைந்து அடுத்த ஜே.ஆர். நிறுவனத்தின் பகுதியில் வெளியேற முடியாது.

தோக்கியோவில் சாதாரண ரயிலில் ஏறி நூமாஸுவுக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழியில் அதாமி நிலையத்தோடு கிழக்கு ஜே.ஆரின் எல்லை முடிந்து தோக்காய் நிறுவனத்தின் தடம் தொடங்குகிறது. நேராகப் போகும் வண்டிகளும் சில இருப்பதால், இருக்கையை விட்டு எழாமலே அவர் எல்லையைக் கடந்துவிடுவார். நூமாஸு வாயிலில் அட்டை மறுக்கப்படும். சன்னல் ஊழியர் அட்டையைத் தம் கருவியில் வைத்துப் பார்ப்பார், கணிப்பானில் ஒரு தொகையைத் தட்டி நம் பக்கம் திருப்பிக் காட்டுவார், சிறு தட்டை முன்னே நகர்த்துவார். முழுக் கட்டணத்தையும் அந்தத் தட்டில் ரொக்கமாக வைக்க வேண்டும். அட்டையிலுள்ள நுழைவுப் பதிவை அங்கேயே நீக்க முடியாதபோது ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தருவார்; அதைக் கசக்கி எறிந்துவிடக் கூடாது.

கியோத்தோவிலிருந்து சாதாரண ரயில்களிலேயே மலிவாக நகோயா போக நினைப்பவர்களுக்கு மைபாரா நிலையத்தில் இதே எல்லை குறுக்கிடும். எல்லையைத் தாண்டும் பயணம் என்று முன்பே தெரிந்தால், ஏறும் நிலையத்தில் இறங்கும் ஊர் வரைக்கும் காகிதச் சீட்டு வாங்கிவிடுவதே சரியான தீர்வு.

நேற்று வேலை செய்த அட்டையை இன்று எந்த வாயிலும் ஏற்கவில்லை

முந்தைய பயணம் அட்டைக்குள் முடியாமல் நிற்கிறது என்று பொருள். மேலே சொன்ன எல்லைச் சிக்கல் ஒரு காரணம். ஊழியர் பக்கவாட்டு வாயிலைத் திறந்துவிட்டபோது அட்டையைத் தொடாமல் வெளியே வந்திருப்பது இன்னொன்று. நுழைந்த பதிவு இருக்கிறது, வெளியேறிய பதிவு இல்லை. ஆகவே அட்டை பூட்டிக்கொள்கிறது. நுழைந்த அதே நிறுவனத்தின் பகுதியிலுள்ள ஒரு நிலையத்தில் துண்டுச்சீட்டோடு அட்டையைக் கொடுத்தால் நீக்கித் தருவார்கள். ஒரே அட்டையை இருமுறை தொட்டு இருவர் நுழைய முயன்றாலும் வாயில் மூடும். ஒருவருக்கு ஓர் அட்டை என்பதில் விலக்குக் கிடையாது.

இதே எல்லை விதி அட்டையைத் திருப்பித் தரும்போதும் தலைகாட்டும். சாதாரண சுய்காவுக்கு 500 யென் முன்வைப்பு உண்டு. அதைத் திரும்பப் பெற கிழக்கு ஜே.ஆர். பகுதிக்குத்தான் வர வேண்டும். ஒசாகா விமான நிலையத்திலிருந்து நாடு திரும்புகிறவர் அங்கே சுய்காவை நீட்டிப் பயனில்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கான வெல்கம் சுய்கா அட்டைக்கு முன்வைப்பு இல்லை, 28 நாள் செல்லும். ஆனால் மிச்ச இருப்புத் திரும்பக் கிடைக்காது. கடைசி நாளில் நிலையத்துப் பெட்டிக்கடையில் ஒனிகிரியும் தேநீரும் வாங்கி இருப்பைத் தீர்ப்பது எல்லாரும் செய்வதுதான்.

கைபேசியில் சுய்காவைச் சேர்க்க முடியவில்லை

ஜப்பானிய வாயில்கள் ஃபெலிகா என்ற சிப் முறையில் இயங்குகின்றன. ஐபோன் 8 முதல் எந்த நாட்டில் வாங்கிய ஐபோனிலும் அது உண்டு. ஆண்ட்ராய்டில், பெரும்பாலும் ஜப்பானில் விற்ற கருவிகளில் மட்டுமே அது இயங்கும். இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ வாங்கிய ஆண்ட்ராய்டு கைபேசியில் எந்தச் செயலியை நிறுவினாலும் பயன் இல்லை. அவர்கள் நேரத்தை வீணாக்காமல் பிளாஸ்டிக் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். சிப் தட்டுப்பாட்டால் 2023இல் நிறுத்தப்பட்ட பெயரற்ற சுய்கா, பாஸ்மோ விற்பனை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கிவிட்டது. அட்டையே கிடைக்காது என்று எச்சரிக்கும் பழைய குறிப்புகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஐபோனில் அட்டை சேர்ந்துவிட்டது, நம் ஊர் வங்கி அட்டையால் பணம் நிரப்ப முடியவில்லை என்றால், செவன் பேங்க் ஏடிஎம்மில் கைபேசியை வைத்து ரொக்கமாக நிரப்பலாம்.

ஷின்கான்சென் வாயில் சீட்டைத் திருப்பித் தருகிறது

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் பயணம் செய்ய இரண்டு கட்டணங்கள் உண்டு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் செல்வதற்கான அடிப்படைச் சீட்டு ஒன்று. விரைவு வண்டியில் ஏறுவதற்கான தொக்கியூ சீட்டு மற்றொன்று. சில வேளைகளில் இரண்டும் ஒரே தாளில் அச்சாகும், சில வேளைகளில் தனித்தனித் தாள்களாக வரும். தனித்தனியாக இருந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நேரத்தில் செருக வேண்டும். ஒன்றை மட்டும் செருகினால்தான் வாயில் மறுக்கிறது. இயந்திரம் அவற்றைச் சரியாகப் பிரித்துப் படித்துக்கொள்ளும், தயங்க வேண்டாம்.

சுரங்க ரயில் அல்லது உள்ளூர் ஜே.ஆர். வண்டியில் ஐசி அட்டையோடு வந்து, நிலையத்துக்குள்ளேயே ஷின்கான்சென்னுக்கு மாறும் இடைவாயிலில் நிற்பவர், முதலில் காகிதச் சீட்டுகளைச் செருகிப் பிறகு அட்டையைத் தொட வேண்டும். அட்டையைத் தொட மறந்தால் உள்ளூர்ப் பயணம் முடியாமல் நின்று, மறுநாள் மேலே சொன்ன பூட்டு விழும்.

வாயிலின் மறுமுனையில் சீட்டுகள் எழுந்து நிற்கும். அவற்றை எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், ஏனெனில் இறங்கும் ஊரில் மீண்டும் தேவைப்படும். நானும் ஒருமுறை பெட்டியை உருட்டிக்கொண்டு அப்படியே போய்விட்டேன். பின்னால் வந்த முதியவர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்து சீட்டைக் கையில் வைத்துவிட்டுக் குனிந்து வணங்கிப் போனார்.

முன்பதிவு செய்திருந்தும் வாயில் திறக்கவில்லை என்றால், அந்தப் பதிவு எந்த வடிவத்தில் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஐசி அட்டை எண்ணைப் பதிவோடு இணைக்கவில்லை என்றால், இருப்பு எவ்வளவு இருந்தாலும் அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக்தான். கியூஆர் குறியீட்டைக் காட்ட வேண்டும், அல்லது நிலைய இயந்திரத்தில் சீட்டை அச்சிட்டு எடுக்க வேண்டும். அச்சிட எடுத்துச் செல்ல வேண்டியது பணம் கட்டிய அதே வங்கி அட்டையை. வீட்டில் வைத்துவிட்டு வந்த மைத்துனரின் அட்டையில் பதிவு செய்திருந்தால் சிக்கல்தான்.

இன்னொரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குச் சன்னலில் வாங்கும் அடிப்படைச் சீட்டில் ஊர்ப்பெயர் நிலையமாக அல்லாமல் மண்டலமாக அச்சாகும்: தோக்கியோ மாநகரப் பகுதியிலிருந்து கியோத்தோ நகரப் பகுதிக்கு. கியோத்தோ நிலையத்தை விட்டு வெளியே வராமல் ஜே.ஆர். உள்ளூர் வண்டிக்கு மாறினால், அதே சீட்டில் இனாரி அல்லது சாகா அராஷியாமா வரை கூடுதல் பணமின்றிப் போகலாம். ஸ்மார்ட் ஈஎக்ஸ் என்ற இணையச் சேவையில் செய்யும் பதிவுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவை நிலையத்திலிருந்து நிலையம் வரை மட்டுமே. ஸ்மார்ட் ஈஎக்ஸில் வந்து இனாரி வாயிலில் சிக்குகிறவர்கள் இதை அறியாதவர்களே.

முன்பதிவு செய்த வண்டி போய்விட்டது

வண்டி புறப்படுவதற்கு முன் தாமதம் உறுதியாகத் தெரிந்தால், உடனே இயந்திரத்திலோ சன்னலிலோ வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். சாதாரணச் சீட்டுக்கு ஒருமுறை மாற்றம் இலவசம். வண்டி புறப்பட்ட பிறகு, அதே நாளில் பின்னால் வரும் வண்டிகளின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் அதே சீட்டோடு ஏறலாம். புதுச் சீட்டு வாங்கத் தேவையில்லை. தள்ளுபடிச் சீட்டுகளுக்கு இவை பொருந்தாமல் போகும் என்பதை வாங்கும்போதே கவனிக்க வேண்டும்.

புத்தாண்டு, மே மாதத் தொடக்கத்தை ஒட்டிய கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஓபோன் ஆகிய நெரிசல் காலங்களில், ஷின்கான்சென்னின் நொசோமி வகை வண்டிகளில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை; 2023 டிசம்பர் இறுதியிலிருந்து இந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. அந்நாட்களில் தவறவிட்டவர் ஹிகாரி, கொதமா வண்டிகளின் முன்பதிவில்லாப் பெட்டிகளை நாடலாம்.

விமான நிலைய வண்டியில்தான் ஏறினேன். வேறு எங்கோ போகிறது

ஜப்பானில் ஒரே வண்டி நடுவழியில் இரண்டாகப் பிரிவது சாதாரணம். ஒசாகாவிலிருந்து கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் கன்குவு விரைவு வண்டி, வகயாமா போகும் கிஷூஜி விரைவு வண்டியோடு கோத்தே வருகிறது. முன்னால் உள்ள 1 முதல் 4 வரையிலான பெட்டிகள் விமான நிலையத்துக்கு. பின்னால் உள்ள 5 முதல் 8 வரையிலானவை வகயாமாவுக்கு. ஹினேனோ நிலையத்தில் இரண்டும் பிரியும். நடைமேடைக்கு ஓடி வந்து கண்ணில் பட்ட கதவில் ஏறுகிறவர் பின்பெட்டியில் உட்கார்ந்துவிடுவது எளிது.

கதவின் மேலுள்ள திரையில் அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று ஆங்கிலத்திலும் வரும். ஏறியதும் அதைத்தான் பார்க்க வேண்டும். பின்பெட்டியில் இருப்பது வழியிலேயே தெரிந்தால், ஹினேனோவுக்கு முன் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடைமேடை வழியே முன்னே நடந்து ஏறிக்கொள்ளலாம். ஹினேனோவைத் தாண்டிய பிறகு தெரிந்தால், அடுத்த நிலையமான நகதாகியில் இறங்கி எதிர்வண்டியில் ஹினேனோ திரும்பி, விமான நிலைய வண்டியைப் பிடிக்க வேண்டும். விமானத்துக்கு மணிக்கணக்கை இறுக்கிக் கட்டியவர்களுக்கு இந்த ஒரு சுற்றே போதும், விமானத்தை விட.

மொரியோகாவில் ஹயாபுசா ஷின் ஆமோரிக்கும் கொமாச்சி அகிதாவுக்கும் பிரிகின்றன. நரிதா எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சில தோக்கியோ நிலையத்தில் ஷின்ஜூகு பக்கமும் ஓஃபுனா பக்கமுமாகப் பிரிகின்றன. முன்பதிவுச் சீட்டில் உள்ள பெட்டி எண்ணைப் பின்பற்றினால் இவற்றில் தவறு நேராது.

வண்டி என் நிலையத்தில் நிற்கவில்லை. அல்லது நடத்துநர் கூடுதல் பணம் கேட்கிறார்

ஒரே தடத்தில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி, சில நிலையங்களை விட்டுச் செல்லும் கைசோக்கு, கியூகோ, தொக்கியூ எனப் பல வகைகள் ஓடும். ஐசி அட்டை வாயிலைத் திறந்துவிட்டதால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று முடிவு செய்ய முடியாது. ஜே.ஆரில் தொக்கியூ என்றால் தனிக் கட்டணம் உண்டு. கின்தெட்சுவிலும் அப்படியே; ஒடாக்கியூவில் ஹக்கோனே போகும் ரொமான்ஸ்காருக்கும் தனிச் சீட்டு வேண்டும். ஆனால் ஹன்கியூவில் ஒசாகா உமேதாவிலிருந்து கியோத்தோ கவராமாச்சி வரை தொக்கியூ என்ற அதே பெயரில் ஓடும் வண்டிக்கு, முன்பதிவு இருக்கைப் பெட்டி ஒன்றைத் தவிர, சாதாரணக் கட்டணமே போதும். பெயர் ஒன்று, விதி வேறு. நிறுவனத்தைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். தெரியாமல் ஏறிவிட்டால் பெட்டிக்குள்ளேயே நடத்துநரிடம் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

காலை நெரிசலில் ஏறிய பெட்டியில் சுற்றிலும் பெண்களே இருந்தால், ஆண்கள் அடுத்த நிறுத்தத்தில் பெட்டி மாறிக்கொள்ளவும். அது பெண்களுக்கு மட்டுமான பெட்டி; நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்புக் குறியீடு இருந்திருக்கும்.

இறங்கிய நிலையத்தைச் சுற்றி ஊரே இல்லை

ஷின் என்று தொடங்கும் நிலையப் பெயர்களுக்குப் புதிய என்று பொருள். ஊருக்கு வெளியே கட்டிய புதுப் பேருந்து நிலையத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஷின் ஒசாகாவிலிருந்து ஒசாகா ஒரே ஒரு நிறுத்தம். ஷின் ஹகோதாதே ஹொகுதோவிலிருந்து ஹகோதாதேவோ ஏறத்தாழ 18 கிலோமீட்டர். 2016இல் திறந்த இந்த நிலையத்தோடு ஹொக்கைடோவின் ஷின்கான்சென் முடிந்துவிடுகிறது. சப்போரோவுக்கு ஷின்கான்சென் சீட்டு தேடிக் கிடைக்காமல் திகைப்பவர்கள் அங்கிருந்து ஹொகுதோ விரைவு வண்டிக்கு மாற வேண்டும்.

ஒசாகாவில் இதற்கு நேர்மாறான குழப்பம். ஜே.ஆரின் ஒசாகா, ஹன்கியூ, ஹன்ஷின் ஆகியவற்றின் ஒசாகா உமேதா, சுரங்க ரயிலின் உமேதா, ஹிகாஷி உமேதா, நிஷி உமேதா எல்லாம் நடந்தே போகக்கூடிய ஒரே வட்டாரம். வரைபடச் செயலி வேறு பெயரைக் காட்டினால் பதற வேண்டாம். பெரிய நிலையங்களில் வெளிவழியைத் தேடும்போது மஞ்சள் நிறப் பலகைகளை மட்டும் பின்தொடர வேண்டும். வெளியேறும் வழிகளுக்கு உரிய நிறம் அது.

வண்டி நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை

ஊர்ப்புறத் தடங்களிலும் குளிர்ப் பகுதிகளிலும் கதவைப் பயணிதான் பொத்தானை அழுத்தித் திறக்க வேண்டும். ஏறிய பின் மூடுவதும் பண்பு. ஓட்டுநர் ஒருவரே பணிபுரியும் வன்மான் வண்டிகளில் ஆளில்லா நிலையங்களில் முதல் பெட்டியின் கதவுகள் மட்டும் திறக்கும். அதன் பின்கதவில் ஏறி எண்ணிட்ட சிறு சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே காட்டும் தொகையைப் பெட்டியில் போட்டு முன்கதவில் இறங்க வேண்டும். மூன்றாம் பெட்டியில் உட்கார்ந்து கடைசி நேரத்தில் எழுந்து ஓடினால் வண்டி கிளம்பிவிடும். ஒரு நிலையம் முன்னதாகவே நகர்ந்துவிடவும்.

பேருந்துப் பெட்டி என் நோட்டை ஏற்கவில்லை

கியோத்தோ நகரப் பேருந்தில் பின்னால் ஏறி, முன்னால் இறங்கும்போது 230 யென் கட்ட வேண்டும். தோக்கியோ மாநகரப் பேருந்தில் முன்னால் ஏறும்போதே 210 யென். கியோத்தோவில் கட்டணப் பெட்டி மீதி தராது. பக்கத்துத் துளையில் ஆயிரம் யென் நோட்டைச் சில்லறையாக்கி, எண்ணிப் போட வேண்டும். 2024 ஜூலை 3 அன்று வெளியான புதிய நோட்டுகளையும் 2021இல் வந்த இருநிற 500 யென் நாணயத்தையும் பழைய பெட்டிகள் சில ஏற்பதில்லை. அப்போது குற்றம் நோட்டில் இல்லை. பழைய நோட்டையோ 100 யென் நாணயங்களையோ ஐசி அட்டையையோ பயன்படுத்தவும். ஐந்தாயிரம், பத்தாயிரம் நோட்டோடு பேருந்தில் ஏறவே வேண்டாம்.

கியோத்தோவின் பேருந்து மட்டும் உள்ள ஒருநாள் சீட்டு விற்பனை 2023 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. இப்போது இருப்பது சுரங்க ரயிலையும் சேர்த்த ஒருநாள் சீட்டு. நெரிசலைப் பார்த்தவர்கள் இந்த மாற்றத்தை நன்மை என்றே சொல்வார்கள்.

பெட்டி பெரிது என்று ஏற்ற மறுக்கிறார்கள்

தோக்காய்தோ, சான்யோ, கியூஷூ ஷின்கான்சென்களில் 2020 மே முதல், நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்குரிய பின்வரிசை இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். இருக்கைக்கு மிகைக்கட்டணம் இல்லை. பதிவின்றிக் கொண்டுவந்தால் 1,000 யென். 250 சென்டிமீட்டரைத் தாண்டினால் அனுமதியே இல்லை. பல விமான நிறுவனங்களின் வரம்பான 158 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பெட்டி இதில் சிக்காது. இரண்டு மூன்று பெட்டிகளோடு போகும் குடும்பங்கள், விடுதி வரவேற்பறையிலேயே தக்குஹாய்பின் என்ற பெட்டி அனுப்பும் சேவை வழியே அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஓரிரவுக்கான துணியோடு வண்டி ஏறுவது நல்லது. பெட்டி பெரும்பாலும் மறுநாள் வந்து சேரும்.

ஜே.ஆர். பாஸ் வாங்கினேன், நட்டம், அல்லது மறுத்துவிட்டார்கள்

ஜே.ஆர். பாஸ் என்பது குறிப்பிட்ட நாட்களுக்கு ஜே.ஆர். வண்டிகளில் பயணிக்கச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தரும் சீட்டு. 2023 அக்டோபரில் ஏழு நாள் சாதாரணப் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. தோக்கியோ, கியோத்தோ இடையே நொசோமியில் போய்வர ஏறத்தாழ 28,000 யென்தான் ஆகும் என்பதால், இந்த இரு நகரங்களை மட்டும் பார்ப்பவர் பாஸ் வாங்குவது வீண். பாஸ் இருந்தாலும் நொசோமி, மிசுஹோ வண்டிகளுக்குத் தனிக் கூடுதல் சீட்டு வேண்டும். வாங்கிய ரசீதைப் பாஸாக மாற்றித் தர மறுத்தால், கடவுச்சீட்டில் குறுகியகால வருகையாளர் என்ற ஒட்டு இல்லை என்பதே வழக்கமான காரணம். வேலை அல்லது படிப்பு விசாவில் இருக்கும் உறவினருக்கும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

வண்டிகள் ஓடவில்லை

புயல் வருமுன்னே, ஓரிரு நாள் முன்பே, சேவையை நிறுத்துவதாக அறிவிப்பார்கள். 2019 அக்டோபர் 12 அன்று ஹகிபிஸ் புயலுக்காகத் தோக்கியோ வட்டாரத்தில் பெரும்பாலான வண்டிகள் நின்றன. நகானோ பணிமனையில் மட்டும் ஹொகுரிகு ஷின்கான்சென்னின் 10 வண்டிகள், 120 பெட்டிகள், வெள்ளத்தில் மூழ்கின. நிறுத்த அறிவிப்பு வந்தால் பயணத்தை ஒருநாள் முன்னோ பின்னோ தள்ளுவதுதான் வழி. நிலையத்தில் காத்திருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ரத்தான வண்டிக்கு முழுத்தொகையும், இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமான விரைவு வண்டிக்குத் தொக்கியூ கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

விபத்தால் நகரத் தடம் ஒன்று நின்றால், பக்கத்து நிறுவனத்தின் வண்டியில் இலவசமாக மாற்றிவிடும் ஏற்பாடு உண்டு. அது காகிதச் சீட்டும் பருவச் சீட்டும் வைத்திருப்பவர்களுக்கு. ஐசி அட்டையின் இருப்பில் பயணிப்பவருக்குப் பொருந்தாது. அவர் தம் காசில்தான் மாற்றுவழி போக வேண்டும்.

கடைசி வண்டி போய்விட்டது

நள்ளிரவை ஒட்டி நிலையங்கள் மூடப்படும். மறுபடி அதிகாலை நாலரை, ஐந்து மணிக்குத்தான். டாக்சிக்கு இரவு 10 முதல் காலை 5 வரை கட்டணம் 20 சதவீதம் கூடும். தொலைவு அதிகம் என்றால் கேப்ஸ்யூல் விடுதியில் இரவைக் கழிப்பதே மலிவு. முன்கண்ணாடியில் சிவப்பில் ஒளிரும் எழுத்துகள் பெரும்பாலும் காலி வண்டியைக் குறிக்கும். பின்புற இடக்கதவை ஓட்டுநரே திறந்து மூடுவார், இழுக்க வேண்டாம்.

வாடகைக் கார் தர மறுக்கிறார்கள்

1949 ஜெனீவா உடன்படிக்கை வடிவிலான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இருக்க வேண்டும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருவது அந்த வடிவமே. மூல உரிமமும் கடவுச்சீட்டும் உடன் வேண்டும். சுங்கச்சாவடியில் தடுப்பு உயரவில்லை என்றால், தானாகச் சுங்கம் செலுத்தும் அட்டையில்லாமல் ஊதாப் பலகை உள்ள தடத்தில் நுழைந்திருப்பீர்கள். பின்னால் எடுக்காமல் அழைப்புப் பொத்தானை அழுத்தவும். ரயில் கடவையில் வண்டி வராவிட்டாலும் நிறுத்திப் பார்த்தே கடக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் சிவப்புக் குழாய் சாதாரணப் பெட்ரோல், பச்சை டீசல்.

சீட்டையோ பொருளையோ தொலைத்துவிட்டேன்

பொருள் என்றால், எந்தத் தடம், எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு இறங்கினோம், முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி ஆகியவற்றை உடனே எழுதிக்கொண்டு வாயில் ஊழியரிடம் போக வேண்டும். அவர் வண்டி போய்ச் சேரும் நிலையத்தைத் தொடர்புகொண்டு தேடச் சொல்வார். வண்டி வேறு நிறுவனத்தின் தடத்துக்குள் போயிருந்தால் விசாரணையும் அங்கே மாறும்.

காகிதச் சீட்டு தொலைந்தால் மறுபடி வாங்கத்தான் வேண்டும். வாங்கும்போது, தொலைந்ததற்காக மீண்டும் கட்டணம் பெற்றதாகச் சான்று கேட்டுப் பெற்றுக்கொள்ளவும். ஓராண்டுக்குள் பழைய சீட்டு பையின் அடியில் கிடைத்துவிட்டால், சான்றையும் இரண்டு சீட்டுகளையும் ஜே.ஆர். சன்னலில் கொடுத்துச் சிறு கழிவு போகப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே அந்தப் புதுச் சீட்டை, இறங்கும் வாயிலில் இயந்திரத்துக்குள் செருகிவிடாமல், ஊழியரிடம் காட்டிக் கையோடு கொண்டுவர வேண்டும்.